நூலைப் பார்த்த தறி

சென்ற ஆண்டு கொங்கு நாட்டில் ஒரு நெசவாலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆலை உரிமையாளர் என்னிடம் முதுகலைப் பொருளாதாரம் பயின்றவர். தறிக்கூடத்தின் இரைச்சலைக் கடந்து, நெய்த துணியைச் சோதிக்கும் அறைக்கு அவர் என்னை அழைத்துச் சென்றார். முன்பு அங்கே நான்கு சோதனை மேசைகள் இருந்தன. அடியிலிருந்து ஒளி வரும் சாய்வான கண்ணாடிப் பலகை, அதன்மேல் ஓடிக்கொண்டே இருக்கும் துணி, அதன் எதிரே அதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஊடை விட்டுப்போன இடம், பாவு அறுந்த கோடு, எண்ணெய்க் கறை என எது கண்ணில் பட்டாலும் அவர் ஓட்டத்தை நிறுத்திக் குறியிட வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் எட்டு மணி நேரம் இதுவே வேலை.

இப்போது அங்கு ஒரே மேசைதான் இருக்கிறது. துணியின் குறுக்கே ஒரு சட்டம். அதில் வரிசையாகக் கேமராக்கள். குறையுள்ள இடத்தைக் கணினி தானே கண்டறிந்து திரையில் காட்டுகிறது. திரையருகே அமர்ந்திருந்த பெண்மணி, காட்டப்பட்ட இடத்தை மட்டும் பார்த்து, அதைச் சீர்செய்யலாமா, வெட்டி எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்கிறார். முன்பெல்லாம் மாலையானால் கண்ணெரிச்சல் தாளாது என்றும், இப்போது அந்தத் தொல்லை இல்லை என்றும் அவர் சொன்னார்.

வெளியே வந்ததும் மாணவர் என் கருத்தைக் கேட்டார். தறிக்கூடத்திலும் கேமராக்கள் வைக்க அவருக்கு எண்ணம். ஆனால் அவை துணியைப் பார்ப்பவை அல்ல, தறி ஓட்டுபவர்களைப் பார்ப்பவை. யார் எத்தனை நிமிடம் தறியைவிட்டு விலகி நின்றார் என்று கணினியே கணக்கெடுத்துவிடுமாம். எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. தேநீர் அருந்தியபடி ஜப்பானியத் தச்சர் மகன் ஒருவரின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன். அவருடைய குடும்பப் பெயர் இன்று உலகச் சாலைகளில் எல்லாம் ஓடுகிறது. அவரோ தம் வாழ்நாளில் ஒரு காரைக்கூடச் செய்தவர் அல்லர். தறி செய்தவர்.

சாகிச்சி டொயோடா 1867 பிப்ரவரி 14 அன்று, இன்றைய ஷிசுவோகா மாகாணத்தில் கோசாய் நகரப் பகுதியாக இருக்கும் யாமகுச்சி என்ற சிற்றூரில் பிறந்தார். அடுத்த ஆண்டில் ஷோகன்களின் ஆட்சி முடிந்து மெய்ஜி காலம் தொடங்கியது. தந்தை இகிச்சி சிறிதளவு நிலத்தில் பயிர் செய்தபடி தச்சு வேலையும் பார்த்தவர். அந்த வட்டாரத்தில் பருத்தி விளைந்தது. வீட்டுக்கு வீடு தறி இருந்தது. பெண்கள் பகலில் வயலிலும் இரவில் தறியிலும் உழைத்தார்கள். சாகிச்சியின் தாயும் நெய்தவர்தான். தாய் நெய்வதைப் பார்த்தே மகனுக்குத் தறியைச் சீர்திருத்தும் எண்ணம் வந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுவார்கள். பெரிய மனிதர்களின் இளமைக்கதைகளைச் சற்று ஐயத்தோடு படிப்பது என் வழக்கம். ஆனால் அந்த ஊரின் பொருளாதாரத்தை நோக்கினால், அறிவுள்ள ஓர் இளைஞன் சீர்திருத்த நினைப்பதற்குத் தறியைத் தவிர வேறு பொறி அங்கு அதிகம் இருந்திருக்காது.

1885இல் ஜப்பானிய அரசு காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அதன்மீது குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை உண்டு என்ற செய்தி, 18 வயதுத் தச்சு இளைஞனைப் பற்றிக்கொண்டது. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய சுயமுன்னேற்ற நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் அக்காலத்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து இயந்திரங்களைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர்களின் கதைகள் அதில் நிறைய உண்டு. சாகிச்சி தந்தையின் தொழிலை அரைமனதோடு செய்துகொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் கொட்டகையில் தறியைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஊரார் அவரைக் கிறுக்கன் என்றே எண்ணினார்கள். 1890இல் தோக்கியோவின் உவேனோவில் தேசியத் தொழிற் கண்காட்சி நடந்தபோது, நாள்தோறும் இயந்திரக் கூடத்திற்குச் சென்று வெளிநாட்டுப் பொறிகளின் முன்னே நின்றார்.

அதே ஆண்டில் அவருடைய முதல் கண்டுபிடிப்பு வந்தது. அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. அது மரத்தாலான கைத்தறி. அதுவரை நெசவாளர் ஒரு கையால் நாடாவைச் செலுத்தி, மறு கையால் பண்ணையை இழுத்து அடிக்க வேண்டியிருந்தது. சாகிச்சியின் தறியில் பண்ணையை முன்னும் பின்னும் அசைத்தாலே நாடா தானாக ஓடிவிடும். ஒரு கை போதும். நெய்யும் அளவு நாற்பது, ஐம்பது விழுக்காடு கூடியது என்பார்கள். ஆனால் தறி விற்கவில்லை. தோக்கியோவில் அவர் தொடங்கிய சிறு நெசவுக்கூடமும் நிலைக்கவில்லை. 1894இல் மகன் கீச்சிரோ பிறந்த சில காலத்திற்குள், ஆய்விலேயே மூழ்கிக் கிடந்த கணவரோடு வாழ இயலாமல் முதல் மனைவி பிரிந்து சென்றார். குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். கண்டுபிடிப்பாளர்களின் வரலாறுகளில் இந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும். நானும் கடந்து செல்கிறேன்.

அந்நாளில் கையில் சிறிது பணம் தந்தது நூல் சுற்றும் பொறி ஒன்று. அதன் வருவாயில்தான் விசைத்தறி ஆய்வு நடந்தது. 1896 வாக்கில் நீராவியால் ஓடும் தறி உருவானது. 1898இல் காப்புரிமை பெற்றது. ஜப்பானியர் ஒருவர் உருவாக்கிய முதல் விசைத்தறி அதுவே. மரமும் இரும்பும் கலந்தது. ஆகையால் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த முழு இரும்புத் தறிகளின் விலையில் ஒரு சிறு பகுதிக்கே அது கிடைத்தது. ஹண்டா பகுதி வணிகர் ஒருவரோடு சேர்ந்து அமைத்த சிறிய ஆலையில் நெய்த துணி சீராக இருப்பதைக் கண்டு, மிட்சுயி என்ற பெருவணிக நிறுவனம் அவரைத் தேடி வந்தது.

துணி ஏன் சீராக இருந்தது என்பதில்தான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. தறியில் ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ நாடா வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்; துணி மட்டும் இராது. நெசவாளர் உடனே கவனிக்காவிட்டால் அவ்வளவு தூரமும் பழுது. கவனிக்க வேண்டுமானால் கண்ணை எடுக்கக் கூடாது. ஆகவே விசையால் ஓடும் தறி உழைப்பாளியின் கைகளுக்கு விடுதலை தந்தாலும், அவருடைய கண்களைக் கட்டிப்போட்டது. சாகிச்சியின் விசைத்தறியில் ஊடை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அந்த அமைப்பின் தத்துவம் மிக எளிது. நாடா சென்ற பாதையில் ஒரு சிறு முட்கரண்டி போன்ற கம்பி இருக்கும். நூல் இருந்தால் அது கரண்டியைத் தள்ளிச் சாய்க்கும். தறி தொடர்ந்து ஓடும். நூல் இல்லையென்றால் கரண்டி சாயாது. சாயாத கரண்டியின் கொக்கியை ஓர் அசையும் உறுப்பு பற்றி இழுத்து, தறியை விசையிலிருந்து விடுவித்துவிடும். நூல் இல்லாமையைப் பொறி தொட்டு அறிகிறது.

இது முழுக்க அவருடைய கண்டுபிடிப்பு என்று சொன்னால் அது வரலாற்றுப் பிழையாகும். ஊடையைக் காக்கும் கரண்டி லங்காஷயர் தறிகளில் 1840களிலேயே இருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் நார்த்ரப் உருவாக்கிய தானியங்கித் தறி 1890களின் நடுவில் சந்தைக்கு வந்தது. ஊடை தீர்ந்தால் தார்க்கட்டையைத் தானே மாற்றிக்கொள்ளவும், பாவு இழை ஒன்று அறுந்தால் நிற்கவும் அதற்குத் தெரியும். ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த தகடு தறியை நிறுத்தும். சாகிச்சி இவற்றையெல்லாம் முதலில் கண்டவர் அல்லர். ஆனால் குறை நேர்ந்தால் பொறி தானே நிற்க வேண்டும் என்பதைத் தறியின் பல உறுப்புகளுள் ஒன்றாக மற்றவர்கள் வைத்திருந்தார்கள். அவரோ தம் வாழ்நாள் உழைப்பு முழுவதற்கும் அதையே அச்சாணியாகக் கொண்டார். அதனால் அவர் வேறுபடுகிறார்.

மிட்சுயியுடனான உறவு இனிமையாக அமையவில்லை. 1899இல் அமைந்த கூட்டு நிறுவனத்தை விட்டு அவர் சில ஆண்டுகளிலேயே வெளியேறினார். அதற்குப் பின் ஒரு பெரிய நூற்பாலை அவருடைய தறிகளை வெளிநாட்டுத் தறிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது முடிவு பாதகமாக வந்தது. தறியின் உறுப்புகள் அவருடைய நேரடிக் கண்காணிப்பில் செய்யப்படாதவை. போதுமான அளவு ஆலையில் ஓட்டிச் சோதிக்காமல் எந்தப் பொறியையும் விற்கக் கூடாது என்ற பிடிவாதம் அந்தத் தோல்வியில்தான் பிறந்தது. 1907இல் மிட்சுயி மற்றும் நகரத்துத் தொழிலதிபர்களின் முதலீட்டில் டொயோடா பெயரிலேயே ஒரு தறி நிறுவனம் எழுந்தது. ஆனால் அவர் ஆய்வுக்குச் செலவிட்டுக்கொண்டே இருக்க, பங்குதாரர்கள் விற்பனையை எதிர்பார்த்தார்கள். 1910இல் அவர் விலக நேர்ந்தது. தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்ட மனிதர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறினார்.

அமெரிக்க ஆலைகளில் தானியங்கித் தறிகளை உற்று நோக்கினார். தம்முடைய தறி எவ்வகையிலும் தாழ்ந்ததல்ல என்ற முடிவுக்கு வந்தார். நியூயார்க்கில், அட்ரீனலினைப் பிரித்தெடுத்துப் புகழ்பெற்ற ஜோக்கிச்சி தகாமினேயைச் சந்தித்தது அவருக்குப் புத்துயிர் அளித்தது. கண்டுபிடிப்பை உருவாக்கியவரே அது பயன்பாட்டில் நிலைக்கும்வரை உடனிருக்க வேண்டும் என்பது தகாமினேயின் அனுபவம். வீதிகளில் பெருகிவந்த மோட்டார் கார்களும் அவர் கண்ணில் பட்டன. 1911இல் நாடு திரும்பியதும் நாகோயாவின் புறநகரில் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு நெசவாலையைத் தொடங்கினார். இம்முறை ஆலையின் வருவாய்தான் ஆய்வுக்கு முதலீடு. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டத்தில் அவர் செய்த ஒரு முடிவு, இன்று கேமரா வாங்கும் ஒவ்வொரு ஆலை முதலாளியும் எண்ணிப் பார்க்க வேண்டியது. தானியங்கித் தறியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் நூல் அறுந்தது, தறி நின்றது. குறை தறியிலா, வெளியே வாங்கிய நூலிலா என்று பிரித்தறிய இயலவில்லை. ஆகவே 1914இல் சொந்தமாக நூற்பு வேலையைத் தொடங்கினார். நல்ல நூல் கிடைத்த பின்பே தறியின் உண்மையான குறை அவருக்குத் தெரிந்தது. இயந்திரப் பார்வையிலும் இதே கதைதான். ஒளியமைப்பு சீராக இல்லாமல், பறந்து ஒட்டும் பஞ்சுத் துகளைத் துடைக்காமல், விலையுயர்ந்த கேமராவை மட்டும் பொருத்தினால், ஒவ்வொரு துகளையும் அது பழுது என்று அறிவிக்கும். பொய் எச்சரிக்கைகளை நீக்குவதிலேயே உழைப்பாளியின் நாள் கழிந்துவிடும். சில வாரங்களில் எச்சரிக்கை ஒலியை யாரோ ஒருவர் அணைத்துவிடுவார். பொறி அதிகமாக நிற்கிறது என்றால் பொறியைக் குறை சொல்லுமுன், அதற்கு ஊட்டப்படும் பொருளைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் நூற்பாலையே கட்டித்தான் கற்றார்.

உழைப்பாளியின் உடல்நலம் பற்றிய ஒரு சிறு கண்டுபிடிப்பும் அவர் கணக்கில் உண்டு. அக்கால நாடாவில் புதிய தாரை மாட்டும்போது, நூல் நுனியைச் சிறு துளை வழியாக வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். லங்காஷயரிலும் இதுவே வழக்கம். நூலோடு பஞ்சுத் தூசும் உள்ளே போகும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைப்பதால் தொற்றும் பரவும். வாயை வைக்காமலே நூல் கோக்கக்கூடிய நாடாவைச் சாகிச்சி வடிவமைத்தார்.

1924இல் அவரும் மகன் கீச்சிரோவும் உடன் உழைத்தவர்களும் சேர்ந்து ஜி வகைத் தானியங்கித் தறியை நிறைவு செய்தார்கள். தறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தார் தீரப்போவதை உணர்ந்து, பழைய நாடாவை வெளியே தள்ளிப் புதிய நாடாவை உள்ளே செலுத்தும் அமைப்பு அதன் சிறப்பு. பாவு அறுந்தாலும் ஊடை அறுந்தாலும் தானே நிற்கும். கண்காணிக்கும் வேலை ஏறத்தாழ முழுவதும் தறிக்கே மாறிவிட்டது. நின்ற தறியின் அருகே சென்று, காரணம் கண்டு, அறுந்த நூலை முடிந்து மீண்டும் ஓடவிடுவது மட்டுமே மனிதரின் வேலை. பழைய விசைத்தறியில் ஒருவர் மூன்று, நான்கு தறிகளைப் பார்த்துக்கொண்ட இடத்தில், ஜி வகைத் தறிகளில் 30க்கு மேல் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1926இல் கரியாவில் இத்தறிகளைச் செய்வதற்கென்றே நிறுவனம் அமைந்தது. 1929 டிசம்பரில், உலகின் முன்னணி நெசவுப் பொறி நிறுவனமான இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுனுக்கு அதன் உரிமையைப் பெற ஒப்பந்தம் செய்தது. அந்தப் பணத்தில்தான் டொயோட்டா கார் பிறந்தது என்ற கதை பரவலானது. வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக ஏற்பதில்லை; பிளாட் நிறுவனம் பின்னர் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. கதை அழகாக இருப்பதால் நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னது கண்டுபிடிப்பின் வரலாறு. உழைப்பாளிக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியைப் பொருளாதாரம் படித்தவன் கேட்காமல் இருக்க முடியாது.

விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது மனித இயல்புக்கு ஒவ்வாத வேலை என்பது பின்னாளில் ஆய்வுக்கூடத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரையைப் பார்க்கும் பிரிட்டிஷ் வீரர்கள் ஏன் கப்பல்களைத் தவறவிடுகிறார்கள் என்று அறிய, நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை அமைத்தார். கடிகார முள்போல ஓடும் ஒரு முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்திற்குள்ளாகவே கவனம் வெகுவாகக் குறைந்தது. சோம்பலுக்கும் ஒழுங்கீனத்திற்கும் இதில் பங்கில்லை. கண்ணும் மூளையும் அவ்வாறு அமைந்தவை. சோதனை மேசையில் எட்டு மணி நேரம் நின்ற பெண் ஒரு பழுதைத் தவறவிட்டதற்காகக் கூலி பிடிக்கப்பட்டபோதெல்லாம், இயலாத ஒன்றைச் செய்யாததற்காகவே தண்டிக்கப்பட்டார். அந்தச் சுமையைப் பொறிமேல் ஏற்றிய வகையில் சாகிச்சி உழைப்பாளிக்கு நன்மையே செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நான்கு தறி முப்பது ஆனபோது மீந்த உழைப்பு எங்கே போனது? அன்றைய ஜப்பானிய பஞ்சாலைகளில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் இளம் பெண்கள். வறிய உழவர் வீடுகளுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதிகளில் அடைபட்டவர்கள். நூற்பாலைகளில் பன்னிரண்டு மணி நேர முறைகளில் இரவும் பகலும் பொறிகள் ஓடின. காசநோய் பரவியது. நெசவாலையில் உழைத்த ஹோசோய் வாகிசோ 1925இல் வெளியிட்ட நூல் அவர்களின் துயரத்தை நாடறியச் செய்தது. தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, 1929 ஜூலையிலிருந்து பெண்களின் இரவு வேலைக்குத் தடை வந்தது. இரவை இழந்த முதலாளிகள் பகலில் குறைந்த ஆட்களைக்கொண்டு அதிகம் நெய்ய விரும்பினார்கள். தானியங்கித் தறிக்குத் தேவை கூடியது. இதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. தானியங்கித் தறி வந்ததால் பெண்களுக்கு இரவு உறக்கம் கிடைக்கவில்லை. சட்டம் உறக்கத்தைத் தந்தது, அதன் பின்னரே தறிகள் விரைந்து பரவின. வரிசையை மாற்றிச் சொல்லுவோர் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

பிற நாடுகளில் இதே கேள்வி மோதலாக வெடித்தது. பம்பாயில் நெசவாளர் இரண்டு தறிகளுக்குப் பதில் மூன்று தறிகளைப் பார்க்க வேண்டும் என்று சில ஆலைகள் திட்டமிட்டபோது, 1928இல் ஆறு மாதம் நீண்ட பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. லங்காஷயரின் பர்ன்லி நகரில் நான்கு தறிகளுக்குப் பதில் எட்டுத் தறிகள் என்ற முறையைப் புகுத்த முயன்ற ஆலை முதலாளிகள் 1931 ஜனவரியில் கதவடைத்தார்கள், நெசவாளர்கள் பணியவில்லை, அடுத்த மாதம் முதலாளிகள் பின்வாங்கினார்கள். பம்பாயிலும் பர்ன்லியிலும் பெரும்பாலும் பழைய தறிகளே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். தறியின் கண் கூடாமல், தறியின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், கூடுவது மனிதரின் ஓட்டம்தான். மறுபுறம், மலிவான ஜப்பானியத் துணி இந்தியச் சந்தையில் குவிந்தது. 1933இல் பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு 75 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தன. மறு ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. நாகோயாவில் ஒரு தறி தானே நிற்கக் கற்றுக்கொண்டதன் எதிரொலி பம்பாய்த் தெருவரை வந்தது என்று சொன்னால் சற்று மிகைதான். ஆனால் முழுவதும் பொய்யில்லை.

சாகிச்சி தொழிலாளர் தலைவர் அல்லர். கண்டிப்பான முதலாளி. 1920களில் ஷாங்காயில் பஞ்சாலை அமைத்துப் பெரும் பொருளீட்டியவர். அந்நகரின் ஜப்பானிய ஆலைகளில் 1925இல் வெடித்த வேலைநிறுத்தங்களைப் பார்த்தவர். அவரைக் கருணையின் உருவமாக வரைவது எனக்கு உடன்பாடல்ல. அவருடைய தறியைத்தான் நான் பார்க்கிறேன். அதன் கரண்டியும் தகடும் நூலையே பார்த்தன. நெசவாளர் எங்கே நிற்கிறார், யாரோடு பேசுகிறார், எத்தனை முறை தண்ணீர் குடிக்கப் போனார் என்பது அந்தத் தறிக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நூல் அறுந்தால் நிற்கும், மனிதர் வந்து முடிவார். பொறிகள் தானே நிற்கும் இந்த முறையைப் பின்னாளில் தாயிச்சி ஓனோ கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்றார். டொயோடா நெசவாலையில் வேலை தொடங்கியவர் அவர். தானியக்கம் என்பதற்கான ஜப்பானியச் சொல்லில் மனிதனைக் குறிக்கும் ஒரு கூறை எழுத்தில் சேர்த்து அந்த நிறுவனத்தார் எழுதுகிறார்கள். குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து முழு வரிசையையும் நிறுத்தலாம் என்ற உரிமையும் அந்த வழியில் வந்தது. அந்நிறுவனத்திலும் 1950இல் பெரும் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. கீச்சிரோ தலைமைப் பொறுப்பைத் துறந்தார். நல்ல பொறித் தத்துவம் மட்டுமே வேலையைக் காத்துவிடாது.

இன்றைய கேமராவின் கண் அந்தக் கரண்டியைவிடப் பல மடங்கு கூர்மையானது. ஓடும் துணியை வரி வரியாகப் படம்பிடித்து, நல்ல துணியின் அமைப்போடு ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தைக் காட்டுகிறது. மின்னணுப் பலகையில் பற்றவைப்பு விட்டுப்போன புள்ளியையும், மருந்துச் சீசாவில் மிதக்கும் துகளையும், வார்ப்பில் விழுந்த விரிசலையும் அது காண்கிறது. அழுத்தப் பொறியின் வாய்க்குள் கை நுழைந்தால் நிறுத்தவும் இத்தகைய உணர்விகள் உதவுகின்றன. விரல்களை இழந்தவர்களைத் தொழிற்பேட்டைகளில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கரண்டியால் இயலாத ஒன்று கேமராவால் இயலும். அதைத் திருப்பி வைக்கலாம்.

சாகிச்சி டொயோடா 1930 அக்டோபர் 30 அன்று, தமது 63ஆம் வயதில் காலமானார். ஜப்பானில் மட்டும் அவர் பெயரில் 40 காப்புரிமைகள் இருந்தன. 1911இல் அவர் ஆலை எழுந்த இடத்தில் இன்று செங்கல் சுவர்களோடு ஓர் அருங்காட்சியகம் நிற்கிறது. ஜி வகைத் தறிகளை அங்கே இன்னும் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

கதையை முடித்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. மாணவரிடம் நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: மற்ற மூன்று மேசைகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? இருவர் துணியைச் சீர்செய்யும் பிரிவுக்கு மாறியிருக்கிறார்கள். ஒருவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். திரையருகே அமர்ந்து, மூன்று மேசைகளின் வேலையையும் சேர்த்து, எது பழுது எது பழுதன்று என்று முடிவு செய்யும் பெண்மணியின் கூலி உயரவில்லை. இப்போது வேலை எளிதாகிவிட்டதே என்பது மாணவரின் விளக்கம். எளிதானது கண்ணுக்கு, முடிவெடுக்கும் பொறுப்பு அவருக்குக் கூடியிருக்கிறது என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை, கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

தறிக்கூடத்துக் கேமராக்களுக்கான விலைப்பட்டியல் அவர் மேசையில் அப்போதே இருந்தது. பொங்கலுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னபோது விசாரித்தேன். இன்னும் வாங்கவில்லை என்றார். கூலியைப் பற்றி நான் கேட்குமுன் வேறு அழைப்பு வந்துவிட்டது.